புளூ பே கடல் பூங்கா: சிலிண்டரை விட்டுவிட்டு முகமூடியோடு போங்கள்

மொரிசியஸின் தென்கிழக்கில், மாயேபூருக்குத் தெற்கே இருக்கும் புளூ பே கடல் பூங்கா ஸ்கூபா இடம், அதாவது காற்றுச் சிலிண்டரோடு முழுகும் இடம் அல்ல. ஹோட்டல் வரவேற்பறையில் கிடக்கும் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் டைவிங், டைவிங் என்றே கூவுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூங்காவின் பரப்பு 353 ஹெக்டேர். பார்க்கத் தகுந்த பவளம் எல்லாம் லகூனுக்குள், அதாவது கரைக்கும் பவளத் திட்டுக்கும் நடுவே அடங்கிய கடலுக்குள், சில மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. முகமூடியும், மிதந்தபடி மூச்சுவிட ஸ்நோர்கல் குழாயும் போதும். ஸ்கூபாவுக்கு ஏற்ற கடல் பிரிசான் என்று ஊரார் சொல்லும் அலை உடையும் திட்டுக்கு வெளியே இருக்கிறது. அது வேறு பயணம், வேறு படகு, வேறு செலவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

1997-இல் தேசியப் பூங்காவாகவும் 2000-இல் கடல் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2008 ஜனவரியில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் குறிப்பில் 38 வகைப் பவளமும் 72 வகை மீனும் பதிவாகியிருக்கின்றன. வடமேற்கில் இருக்கும் பாலாக்லாவா கடல் பூங்கா பரப்பில் இதைவிடப் பெரிது. ஆனால் பவளத்துக்காக ஒரே ஒரு நாள் ஒதுக்க முடியும் என்றால் புளூ பேதான்.

கரையிலிருந்து நீந்தியே பவளத்தைப் பார்த்துவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொதுக் கடற்கரைக்குக் கட்டணம் கிடையாது. அங்கே மிதவைகள் கட்டி நீச்சல் பகுதியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் மணல், கொஞ்சம் கடல்புல், சில உதிரிப் பாறைகள், அவற்றைச் சுற்றும் வரிமீன்கள் என்று பிள்ளைகளுக்குப் போதுமான அளவு இருக்கிறது. நல்ல பவளத் தோட்டம் மிதவை வரிசைக்கு அப்பால். நடுவில் படகுகள் ஓடும் பாதை இருப்பதால், நீந்திக் கடக்கிறவரின் தலை அலைக்கு நடுவே படகோட்டிக்குத் தெரியாது. படகுக் காசை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

இன்னொன்று நீரோட்டம். இங்கே ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான் என்பதால் ஓட்டமும் லேசாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அலை திட்டின்மேல் உடைந்து லகூனுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொட்டிய தண்ணீர் திட்டின் இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே வெளிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாளில், மேலே கண்ணாடிபோல் அமைதியாகத் தெரிந்தாலும் அந்த இடைவெளி வாய்க்காலை ஒட்டியும் இல் தே தே கொக்கோ தீவைச் சுற்றியும் இழுப்பு பலமாக இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் கை கால் அசைக்காமல் பத்து வினாடி மிதந்து, கீழே ஒரு பாறையைக் குறி வைத்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓட்டம் உங்களைக் கொண்டுபோகிறது. கடல்புல் சாயும் திசையும் அதைத்தான் காட்டும். தெம்பு இருக்கும்போது முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்திவிட்டு, திரும்பும்போது ஓட்டத்தோடு படகுக்கு வாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் படகுக்காரரைக் கூப்பிட்டுக் கைகாட்டுகிறார்கள்.

இனி படகுகள். கண்ணாடி அடித்தளப் படகு நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் சரி. மற்றவர்களுக்கு எங்கள் மதிப்பெண் ஐந்தில் இரண்டு. படகின் நடுவில் தொட்டிபோல் பதித்த கண்ணாடியில் நேர் கீழே உள்ளது மட்டும்தான் தெரியும். தண்ணீர் ஆழம் குறைவு என்பதால் பார்வைக்குள் விழும் பரப்பும் சிறிது. மீன் வந்தது தெரிவதற்குள் போய்விடும். கீறல் விழுந்த பழைய கண்ணாடி என்றால் எல்லாம் பால் கலந்த பச்சையாகவே தெரியும். ஏறுவதற்கு முன் கண்ணாடியை ஒரு தரம் எட்டிப் பாருங்கள். காலடிகூடத் தெளிவாகத் தெரியாத கண்ணாடியில் பவளம் தெரியப் போவதில்லை.

பாதி நேரம் கண்ணாடி, பாதி நேரம் ஸ்நோர்கல் என்று கலந்து கொடுக்கும் சவாரி பரவாயில்லை. ஆனால் 'ஒரு மணி நேரம்' என்று சொல்லும்போது அதில் ஆள் சேரும்வரை காத்திருப்பது, போய்வரும் நேரம், உடுப்பு மாட்டும் நேரம் எல்லாம் அடங்கும். காசு கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தண்ணீருக்குள் எத்தனை நிமிடம்? முக்கால் மணிக்குக் குறைவாகச் சொன்னால் ஸ்நோர்கலுக்கு மட்டும் போகும் சின்னப் படகைத் தேடுங்கள்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பைப் பார்க்காமல் நடத்தையைப் பாருங்கள். சுற்றுலாப் படகுகளுக்கு டூரிசம் அத்தாரிட்டி உரிமம் கட்டாயம். படகோட்டிக்கும் தனி உரிமம் வேண்டும். கேட்டால் காட்டத் தயங்குகிறவரை விட்டுவிடலாம். உயிர்காப்பு உடை தலைக்கு ஒன்று இருக்கிறதா, பிள்ளைகள் அளவு உண்டா, ஏறி இறங்க உறுதியான ஏணி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏணி இல்லாத படகில் ஈர உடம்போடு ஏறுவது ஐம்பது வயதுக்காரருக்குப் பெரிய தண்டனை. பவளத்துக்கு அருகே போனதும் படகைக் கட்டு மிதவையில் கட்டுகிறாரா, நங்கூரத்தை வீசுகிறாரா என்பதுதான் உண்மையான பரீட்சை. நங்கூரம் விழுந்த இடத்தில் கிளைப் பவளம் நொறுங்கிப்போகும். இழுபடும் சங்கிலி இன்னும் பெரிய வட்டத்தை அழிக்கும். ஆட்கள் தண்ணீரில் இருக்கும்போது எஞ்சின் முழுக்க நின்றிருக்க வேண்டும். நியூட்ரலில் ஓடவிடுவது போதாது.

மீனை வரவழைக்க ரொட்டி போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பார்க்க வேடிக்கைதான். ஒரு நொடியில் மஞ்சள் முதுகும் கறுப்பு வரியுமாக நூறு மீன் மொய்க்கும். மொய்ப்பவை எல்லாம் ஒரே வகை முரட்டு வரிமீன்கள். அவை மற்ற மீன்களை விரட்டிவிடும். பாசியைச் சுரண்டித் தின்று பவளத்தைச் சுத்தமாக வைக்கும் கிளிமீனும் ரொட்டிக்குப் பழகினால் வேலையை விட்டுவிடும். ரொட்டி போடாத படகில் மீன் குறைவாகத் தெரிவதுபோல் தோன்றும். ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால் நிலைமை மாறும்.

அப்படி மிதக்கும்போது கண்ணில் படுவது என்ன? முதலில் சத்தம்: கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் நறநறப்பு தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். பிறகு ஜோடியாகச் சுற்றும் வண்ணத்துப்பூச்சி மீன்கள், குழல்போல் நீண்டு செங்குத்தாக நின்று நடிக்கும் ஊதுகுழல் மீன், பொந்திலிருந்து வாயைத் திறந்து மூடும் அஞ்சாளை. வாயைத் திறப்பது மிரட்டல் அல்ல, மூச்சு. ஆனாலும் விரலை நீட்ட வேண்டாம். கடல் சாமந்தியின் இழைகளுக்குள் மொரிசியஸ் கோமாளி மீனைத் தேடுங்கள். கருத்த உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, அடிவயிறு மஞ்சள்–ஆரஞ்சு. மிகக் குறுகிய வாழிடம் கொண்ட வகை இது. படங்களில் பார்த்த ஆரஞ்சு மீனை எதிர்பார்த்தவர்கள் இதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். சாமந்திக்கு ஒரு கை தூரத்தில் நின்றால் பெரிய மீன் முன்னால் வந்து உங்கள் முகமூடியை முட்டப் பார்க்கும், அதுதான் பெண். கூட்டத்தில் பெண் ஒன்றே ஒன்று, அது செத்தால் மூத்த ஆண் பெண்ணாக மாறும். கடல்புல் பக்கம் பச்சைக் கடலாமையும் வந்து மேயும். வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. கொடுக்கிறவரை நம்ப வேண்டாம்.

படகுக்காரர்கள் கட்டாயம் நிறுத்திக் காட்டும் பெரிய மூளைப் பவளம் ஒன்று உண்டு. ஆயிரம் வருஷம் என்பார்கள். வயது எப்படியோ, இந்த வகை வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரே வளர்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு அடி உயரமுள்ள சின்ன உருண்டைக்கே அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். அதன்மேல் ஏறி நின்று முகமூடி சரிசெய்கிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. தண்ணீர் வற்றிய வேளையில் கிளைப் பவளத்தின் நுனிகள் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும். காலில் மாட்டிய துடுப்பின் ஒரு வீச்சு போதும், ஒடிந்துவிடும். அதனால் பவளத்தின்மேல் போகும்போது இடுப்பிலிருந்து மெல்ல உதையுங்கள், செங்குத்தாக நின்று மிதிக்காதீர்கள்.

பழைய புகைப்படங்களை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம் உண்டு. 1998, 2009, 2016 வருஷங்களில் மொரிசியஸ் லகூன்களில் பவளம் வெளுத்தது. 2024-இல் உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. கோடை உச்சத்தின் வழக்கமான வெப்பத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால், பவளம் தன் உடம்புக்குள் வாழும் பாசியைத் துப்பிவிடுகிறது. நிறமும் போகிறது, சாப்பாடும் போகிறது. இந்த வளைகுடா ஆழமில்லாமல் மூடியிருப்பதால் சூடு சீக்கிரம் ஏறுகிறது. முதலில் போவது வேகமாக வளரும் கிளை வகையும் மேசை வகையும். உருண்டை வகைகள் தாக்குப்பிடிக்கின்றன. சுத்த வெள்ளையாகத் தெரிந்தால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சூடு தணிந்தால் பிழைக்கலாம். பழுப்பும் பச்சையுமாகப் பஞ்சு படிந்திருந்தால்தான் செத்தது. வித்தியாசம் தெரிந்து பார்த்தால், இடிபாட்டுக்கு நடுவே விரல் நீளப் புதுக்கிளைகள் நீலமும் ஊதாவுமாக நுனி விடுவது கண்ணில் படும்.

எப்போது போகலாம்? மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று நேராக இந்தப் பக்கத்தில்தான் அடிக்கும். வளைகுடாவுக்குள் ஓரளவு மறைவு இருந்தாலும் தண்ணீர் கலங்கும், வெளியே டைவிங் படகுகள் அடிக்கடி ரத்தாகும். ஆகஸ்டில் தண்ணீர் 22–23 டிகிரி. நம் உடம்புக்கு அரை மணியில் பல் கிட்டும். பிப்ரவரியில் 28-ஐ ஒட்டி இருக்கும், ஆனால் புயல் காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரையும், ஏப்ரல் கடைசியிலும் போவது புத்திசாலித்தனம். நாளில் காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை: வெயில் நேராக விழும், காற்று இன்னும் ஏறியிருக்காது. திங்கட்கிழமை மாயேபூர் சந்தையையும் இதையும் ஒரே நாளில் முடிக்க நினைக்கிறவர்கள் சந்தையைப் பகலுக்கு வைத்துக்கொள்ளட்டும். காய்கறி காத்திருக்கும், காற்று காத்திருக்காது.

வாடகை முகமூடியை வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கை எடுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகமூடி. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டு வழியாகத் தண்ணீர் புகும். கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அடைபடும். பெட்ரோலிய ஜெல்லி ரப்பர் விளிம்பைக் கெடுக்கும், அது வேண்டாம். கண்ணாடி மூடுபனி பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பூ தடவிக் கழுவினால் போதும். முகம் முழுக்க மூடும் புதுவகை முகமூடியைப் பரிந்துரைக்க மாட்டோம்: மூச்சுவிட்ட காற்று உள்ளேயே தங்கினால் தலை கிறுகிறுக்கும், மூழ்கினால் மூக்கைப் பிடித்துக் காதடைப்பை விடுவிக்கவும் முடியாது. வெயிலுக்குக் கிரீமைவிட நீளக்கைச் சட்டை மேல். முதுகும் முழங்கால் பின்புறமும்தான் முதலில் வெந்துபோகும்.

காலில் கெட்டியான ரப்பர் செருப்பு கட்டாயம். கடல் முள்ளெலி ஒரு காரணம். பெரிய காரணம் கல்மீன், கிரியோலில் லாஃப். பாசி பிடித்த கல்லைப்போலவே கிடக்கும்; முதுகு முள் குத்தினால் வலி தாங்க முடியாது. குத்திய காலை, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட காலுக்கு அளவு தெரியாது. அதோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 114. கூம்புச் சங்கு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள், அதற்கும் விஷம் உண்டு. பூங்காவிலிருந்து சிப்பி, பவளம் எதையும் எடுத்துப்போவதும் குற்றம்.

ஸ்கூபாவுக்கு வருவோம். புளூ பே, பொயிண்ட் ஜெரோம் பக்கத்து மையங்கள் கூட்டிப்போகும் பேர் பெற்ற இடங்கள் இரண்டு: பாறைப் பள்ளத்தாக்காக நீளும் கொலராடோ, சுமார் 40 மீட்டர் ஆழத்திலிருந்து எழும் ரோஷ் சோசோ. இரண்டும் திட்டுக்கு வெளியே, இரண்டிலும் நிலவமைப்புதான் முக்கியக் காட்சி: குகை, வளைவு, பிளவு. அவற்றுள் களவா, சிங்கி இறால். திறந்த நீரில் பாரைக் கூட்டமும் ஷீலாவும். கொலராடோ 30 மீட்டரைத் தாண்டும். 18 மீட்டருக்கான ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்று அட்டையை வைத்துக்கொண்டு இங்கே கூட்டிப்போகச் சொல்வதும் தவறு, கூட்டிப்போவது அதைவிடத் தவறு. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு அட்டை வேண்டும், சமீபத்தில் ஆழத்துக்குப் போன பழக்கமும் வேண்டும். 30 மீட்டரில் காற்று மேற்பரப்பைவிட நான்கு மடங்கு வேகமாகத் தீரும். 12 லிட்டர் சிலிண்டர் கண் மூடித் திறப்பதற்குள் பாதியாகும்.

படகு திட்டு இடைவெளியைக் கடக்கும் சில நிமிடம்தான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. வெளியே போகும் ஓட்டமும் உள்ளே வரும் அலையும் மோதி அலை செங்குத்தாக எழும். குமட்டல் மாத்திரை போடுகிறவர்கள் புறப்படுமுன் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், படகில் ஏறியபின் போட்டுப் பயனில்லை. 'இன்று போக முடியாது' என்று சொல்லும் மையத்துக்கு நட்சத்திரம் ஒன்று கூட்டிக் கொடுங்கள். தண்ணீரில் இறங்குமுன் சிலிண்டரின் சோதனை முத்திரைத் தேதி, வளைய ரப்பரில் வெடிப்பு, 200 பார் அழுத்தம், உங்கள் ரெகுலேட்டர் (மூச்சுவிடும் கருவி) வகைக்கு வால்வு பொருந்துகிறதா என்பதைப் பாருங்கள். மேலேறும்போது விடும் மிதவைக் குழல் உங்களிடமே இருக்கட்டும். காற்று எழுப்பிய வெண்நுரை நடுவே கறுத்த தலையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குளிர்காலத்தில் 5 மில்லிமீட்டர் உடை போட்டால் இடுப்பில் கட்டும் ஈய எடை கூட வேண்டும். கோடைக் கணக்கை அப்படியே சொல்லிவிட்டு, மேலேறும் வழியில் பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் நிற்க முடியாமல் மேலே மிதந்து போகிறவர்கள் உண்டு.

விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. பிளேசான்ஸ் சில கிலோமீட்டர் தூரம். காலையில் ஒரு முழுக்கு, சாயங்காலம் விமானம் என்று கணக்குப் போடத் தோன்றும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, ஒரே முழுக்குக்குப்பின் 12 மணி, பலமுறை முழுகியிருந்தால் 18 மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும். ஆகவே டைவிங் முதல் நாட்களில், தீவும் ஸ்நோர்கலும் கடைசி நாளில். குர்ப்பீப் வழியாக வீடு திரும்புகிற உள்ளூர்க்காரர்களும் கவனிக்கலாம்: அந்த ஊர் சுமார் 550 மீட்டர் உயரம். விமான விதி தொடங்கும் 600 மீட்டருக்குக் கீழேதான், ஆனால் ஆழமான முழுக்குக்குப் பிறகு உடனே மலையேறாமல் மாயேபூரில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவது நல்லது.

கடைசி நாளுக்கு ஏற்றது இல் ஓசெக்ரெத். கரையிலிருந்து சுமார் 800 மீட்டர் தூரத்தில் 26 ஹெக்டேர் பவளச் சுண்ணாம்புத் தீவு. மொரிசியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் பராமரிக்கிறது. பொயிண்ட் ஜெரோமில் படகு ஏறி, வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். விதை ஒட்டி வராமல் செருப்பைத் துடைக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்காதீர்கள், தீவின் கருங்காலிக் காட்டை அந்நியச் செடிகளிடமிருந்து மீட்க எத்தனையோ வருஷமாக வேர் வேராகப் பிடுங்கியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துக்கு இறங்கிவிட்ட இளஞ்சிவப்புப் புறா இங்கே தலைக்குமேல் கிளையில் உட்கார்ந்திருக்கும். அல்டாப்ராவின் ராட்சத நில ஆமைகள், அழிந்துபோன மொரிசியஸ் ஆமைகளின் வேலையைச் செய்கின்றன: பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது. உணவு வைத்திருந்தால் டெல்ஃபேர் அரணை செருப்புவரை வந்துவிடும், கொடுக்கக் கூடாது. கொசு மருந்து பூசிக்கொள்ளாமல் போனால் சுற்றிப்பார்க்கும் நேரம் முழுக்க அறைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். மூடிய செருப்பு அவசியம், சுண்ணாம்புப் பாறை கத்தி முனைபோல் இருக்கும்.

வகாஷியோ எண்ணெய்க் கசிவைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். கப்பல் 2020 ஜூலை 25-இல் பொயிண்ட் தெஸ்னி அருகே தரைதட்டியது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசியத் தொடங்கி சுமார் 1,000 டன் கடலில் கலந்தது. காற்றும் ஓட்டமும் அதை வடக்கே இல் ஓசெக்ரெத், மாயேபூர் பக்கம் தள்ளின. ஊர் சனங்கள் கரும்புத் தோகையைத் திணித்து மிதவைத் தடுப்பு தைத்துப் போட்டார்கள். புளூ பே பவளத் தோட்டம் பெருமளவு தப்பியது. இன்று தண்ணீரில் இறங்கப் பயப்படக் காரணமில்லை. இங்கே பவளத்தைத் தின்றுகொண்டிருப்பது எண்ணெயைவிடச் சூடுதான்.

ஞாயிறும் காவடி போன்ற விடுமுறை நாளும் தவிருங்கள். சவுக்கு மரத்தடியெல்லாம் குடும்பங்களும் பிரியாணிப் பானையுமாக நிறைந்துவிடும். படகுக்கு வரிசை, கட்டு மிதவைக்கும் வரிசை. விரதக்காரர்களுக்குக் கரையில் தோல் பூரி (பருப்புப் பூரி) கிடைக்கும், காதோ பிமாங்கும் (காரப் பருப்பு வடை) கிடைக்கும்; எண்ணெய் பழசா என்று பார்த்து வாங்குங்கள். மாயேபூரிலிருந்து பஸ் உண்டு. பகலில் வசதிதான், ஞாயிறு சாயங்காலம் ஈரத் துண்டும் குடையும் ஐஸ்பெட்டியுமாக எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறப் பார்ப்பார்கள். நான்கு மணிக்குள் கிளம்பிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.